விறைச்சாச் சொல்லுங்கோ

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் ஐஸ் கேட்டு எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். என் மனுசன் மீன் வியாபாரி. விடியற்காலையில் முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, விசுவமடுப் பக்கம் கொண்டுபோய் வீடு வீடாக விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். மிஞ்சி வருகிற ஐஸ்தான் எங்கள் தெருவுக்கு மருந்து. கதவுக்குள் விரல் நசுங்கியவர், கிணற்றடியில் வழுக்கிக் கால் சுளுக்கியவர், வள்ளம் தள்ளும்போது தோளில் இடிபட்டவர் என்று நாளுக்கு ஒருவராவது வருவார்.

அவரிடம் இரண்டு வகை ஐஸ் இருக்கும். மீனோடு கிடக்கிற ஐஸுக்குள் உப்பு கலந்திருக்கும். வெயிலுக்குள் தூர ஓட்டம் ஓடுகிறவர்கள் உப்புப் போடுவார்கள், போட்டால் குளிர் கூடும், மீன் தாங்கும். அதைத் தவிர குளிர் காக்கிற ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டியில் உப்பில்லாத ஐஸ் கொஞ்சம் தனியாக வைத்திருப்பார். வழியில் குடிக்கிற தண்ணீருக்குப் போடுவதற்கு. ஆட்களுக்குக் கொடுப்பது அந்தச் சின்னப் பெட்டி ஐஸைத்தான்.

கொடுப்பது நான். வைத்துக் கட்டுவதும் நான். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள், மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் என்று சொல்வார்கள். எப்போதோ கிளினிக்கில் ஒரு தாதி எனக்குச் சொல்லித் தந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐஸை வெறும் தோலில் வைக்கக்கூடாது, துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஒரு தேத்தண்ணீர் போட்டு ஆற அமரக் குடிக்கிற நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. முதலில் குளிரும், பிறகு எரியும், பிறகு உளையும், கடைசியில் தொட்டாலும் தெரியாமல் விறைக்கும். விறைத்தவுடன் எடுத்துவிட வேண்டும். அது எப்போது என்று அடிபட்டவர்தான் சொல்ல வேண்டும், வெளியில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

ஆகவே கட்டி முடித்ததும் எல்லோரிடமும் ஒரே வசனத்தைத்தான் சொல்வேன். "விறைச்சாச் சொல்லுங்கோ." தெருப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி விளையாட்டு விளையாடும்போது என் குரலிலேயே இதைச் சொல்லிச் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா என்னை "டொக்டர் அம்மா" என்றுதான் கூப்பிடுவா. அவவின் மனுசன் அடிபட்டு வந்தால் நான் ஐஸ் பையைக் கையில் எடுக்க முதலே "ஐயோ மாதாவே" என்று தொடங்குவார். ஊரே கூடிவிடும். அப்படிக் கத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களுக்கு வைத்தியம் செய்வது சுலபம்.

என் மனுசன் அதற்கு நேர் எதிர். கல்லுளிமங்கன் என்று சொல்வார்களே, அது இவருக்காகவே வந்த சொல். பசிக்கிறதா என்று கேட்டால் "ம்." காய்ச்சலா என்று கேட்டால் "ம்." வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் ஒரு "ம்". மீன் வெட்டும்போது நான் ஏதாவது சொன்னால் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். கண் கத்தியிலேயே இருக்கும். நான் நெருப்புப் பிடித்து எரிந்தாலும் அந்தப் பாரையை வெட்டி முடித்துவிட்டுத்தான் திரும்புவார் என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. யாருடைய வீட்டுக்காவது போனால் நான் அவருடைய இடப்பக்கக் கதிரையில்தான் இருப்பேன், கல்யாணப் படத்திலும் நான் நிற்பது அந்தப் பக்கம்தான். கதை நீண்டு, எழும்பிப் போவோம் என்று தோன்றினால் சேலைத் தலைப்புக்குக் கீழால் அவருடைய சின்னவிரலைக் கிள்ளுவேன். மற்றப் பெண்களும் இப்படி ஏதாவது செய்வார்கள், அவர்களுடைய மனுசர்மார் செருமிக்கொண்டு எழும்புவார்கள். இவர் அசையமாட்டார். நகம் பதியக் கிள்ளினாலும் ஒரு சின்னத் திடுக்கிடல் கூட இருக்காது. பஸ்ஸில் போகும்போதும் சும்மா ஒரு ஆசைக்கு அந்த விரலைப் பிடித்துப் பார்ப்பேன். விரல் என் கைக்குள் கிடக்கும், அவர் வெளியில் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கையை எடுத்துவிடுவேன். இந்த மனுசனுக்கு என்மேல் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுத நாட்களும் உண்டு. பிறகு அழுவதையும் விட்டுவிட்டேன். பழகிப்போனது.

எங்கள் கல்யாணம் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பி, தகரக் கொட்டில்கள் கல்வீடாகிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. அவருடைய இடது முழங்கையின் உட்பக்கம் ஒரு தழும்பு இருந்தது. என்ன என்று ஒருமுறை கேட்டேன். "சின்னக் காயம்" என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன். இங்கே யாருடைய உடம்பிலும் எங்காவது ஒரு பீஸ் இருக்கும். செல் துண்டைத்தான் நாங்கள் பீஸ் என்போம். துருவிக் கேட்டால் அவர்கள் திருப்பி எங்களுடையதைக் கேட்பார்கள், அதனால் ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கையின் சின்னவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். வலை இழுத்த கை என்று நினைத்தேன். என் மாமனாருக்கும் விரல்கள் அப்படித்தான் இருந்தன, கரையில் பாதிப்பேருக்கு அப்படித்தான்.

அன்றைக்கு அவர் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வலக்கையால் மட்டும் பெட்டியை அவிழ்ப்பதைக் கண்டு வெளியே போனேன். இடது கையின் வெளிப்பக்கம், சின்னவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, வீங்கிப் பணியாரம் போல இருந்தது.

"இதென்ன கோதாரி? என்ன நடந்தது?"

"சைக்கிள் ஸ்ராண்ட் வழுக்கிப்போச்சு. பெட்டி சரிஞ்சு கை மாட்டுப்பட்டுது."

"எங்க?"

"விசுவமடுவில. முதல் வீட்டுப் படலையடியில."

"முதல் வீட்டிலயோ? இந்தக் கையோட மிச்ச ஊரெல்லாம் சுத்திப்போட்டே வாறியள்? விசரே உங்களுக்கு?"

"மீன் கிடந்தது," என்றார். அவ்வளவுதான்.

கதிரையை முற்றத்து வேப்பமர நிழலில் இழுத்துப் போட்டு இருத்தினேன். சின்னப் பெட்டியைத் திறந்தால் ஈரத்துணி மட்டும் கிடந்தது. வழியில் யாரோ ஒரு வீட்டில் நோயாளிக்கு வேண்டும் என்று கேட்டார்களாம், எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டாராம். அதனால் மீன் பெட்டிக்குள் கிடந்ததை அள்ளினேன். அது உப்பு ஐஸ் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். குளிர் கூடினால் வீக்கம் கெதியாக வத்தும் என்று நான் நினைத்தேன். மீன் பழுதாகாமல் இருக்கச் செய்கிறதை மனுசனுக்கும் செய்யலாம் என்ற புத்தி எங்களைப் போலக் கரையில் பிறந்தவர்களுக்குத்தான் வரும். ஐஸை சொப்பின் பையில் போட்டு, பழைய துவாயால் சுற்றி, வீங்கிய பக்கத்தில் வைத்து, சாரத்தில் கிழித்த துண்டால் இறுக்கிக் கட்டினேன். இதில் யாருடைய பிழை கூட என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

"விறைச்சாச் சொல்லுங்கோ."

"ம்."

"ம் இல்லை. வாயைத் திறந்து சொல்லுங்கோ."

"சொல்லுறன், நீ போ."

நான் குசினிக்குள் போனேன். விற்காமல் வந்த சூடை மீன் கொஞ்சம் கிடந்தது. அதைக் கழுவி, தலை கிள்ளி, புளி கரைத்து, அடுப்பில் வைத்தேன். சோறு வடித்தேன். காது முழுக்க வெளியில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் இதற்குள் மூன்று முறை மாதாவைக் கூப்பிட்டிருப்பார். இவரிடமிருந்து சத்தம் இல்லை. இன்னும் விறைக்கவில்லைப் போலிருக்கிறது, துவாய் தடிப்பாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, தேத்தண்ணீர்க் கணக்கையும் தாண்டவிட்டேன். குழம்பு கொதித்து வற்றும்வரை அவர் கூப்பிடவில்லை. கைகழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

கட்டினபடியே இருந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் விறைக்கேல்லையோ?"

அவர் கட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு மிகச் சாதாரணமாக, மழை வரும்போலிருக்கு என்று சொல்கிற மாதிரி, "அது எப்பவும் அப்பிடித்தானே" என்றார்.

"எது?"

"இந்த ரெண்டு விரலும்."

எனக்கு விளங்கவில்லை. கட்டை அவிழ்த்தேன். துவாய் விறைத்துத் தோலோடு ஒட்டியிருந்தது, மெதுவாக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. சின்னவிரல் முழுவதும், மோதிரவிரலின் வெளிப்பக்கம், உள்ளங்கையின் ஓரம் எல்லாம் வெள்ளையாக, கோவில் மெழுகுதிரி போல இருந்தது. தொட்டேன். கட்டியாக இருந்தது. அழுத்தினேன். அவர் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்பதை என் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"இதில?"

"இல்லை."

ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று மட்டும் யோசித்தது நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஓட்டோவுக்குப் போன் பண்ணினா. அவவின் மனுசன்தான் அழுதார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் கையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். பிறகு கேள்விகள். எவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள், என்ன ஐஸ்?

"மீன் ஐஸ்," என்றேன்.

"உப்புப் போட்டதோ?"

"ஓம்."

"அம்மா, அது சும்மா ஐஸைவிடக் கடுங்குளிர். நெருப்புச் சுடுற மாதிரித் தோலைச் சுட்டுப்போடும். வேற ஆளெண்டாத் துள்ளி எழும்பியிருப்பார்." அவர் என் மனுசன் பக்கம் திரும்பினார். "ஐயா ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

என் மனுசன் கையைத் தண்ணீருக்குள் திருப்பினார். டொக்டர் முழங்கைத் தழும்பைக் கண்டார். அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து, கண்ணை மூடச் சொன்னார். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்தார். "தொட்டாச் சொல்லுங்கோ, ஐயா."

பெருவிரலைத் தொட்டார். "ஓம்." சுட்டுவிரல். "ஓம்." நடுவிரல். "ஓம்." மோதிரவிரலின் உட்பக்கம். "ஓம்." பிறகு பஞ்சு அதே விரலின் வெளிப்பக்கத்துக்குப் போனது. அவர் பேசாமல் இருந்தார். சின்னவிரலின் நுனி, நடு, அடி. பேசாமல் இருந்தார். உள்ளங்கையின் ஓரம். பஞ்சை வைத்துவிட்டு டொக்டர் ஒரு ஊசியின் முனையால் தொட்டார். என் மனுசன் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கேள்விக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி, தொடுவதற்காகக் காத்திருந்தார். டொக்டர் தொட்டுக்கொண்டேயிருந்தார்.

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கிள்ளுகிற இடத்தில்தான் அந்த ஊசி நின்றது.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"சண்டை முடியிற நேரத்தில இருந்து."

"வீட்டில தெரியாதோ?"

"ஆரும் கேக்கேல்ல," என்றார், கண்ணை மூடியபடியே.

முழங்கையில் நரம்பு அறுபட்டிருக்கிறது, உணர்ச்சி இல்லாத இடத்தில் ஐஸ் வைக்கவே கூடாது என்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். விரல் தப்புமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும், வவுனியாவுக்கு அனுப்புகிறேன் என்றார். நான் பாரை மீனை நினைத்தேன். வழுக்குகிற மீனை இடது கையால் அமத்திப் பிடித்தால்தான் வலது கையால் வெட்டலாம். அந்தக் கை போனால் தொழில் போச்சு, தொழில் போனால் நாங்கள் இரண்டு பேரும் எதைச் சாப்பிடுவது. இதையெல்லாம் ஒழுங்காக யோசித்தேன். கவலை மட்டும் வரவில்லை. யாரோ வேறு வீட்டுக் கணக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

வவுனியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில்தான் அவர் கொஞ்சம் கதைத்தார். கேட்கத் தொடங்கியது நான். இத்தனை காலமும் மீனை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணால பிடிக்கிறனான்," என்றார். "பாத்துக்கொண்டிருந்தா விரல் பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டு தெரியும். கண்ணை எடுத்தா வழுக்கிப்போடும்."

நான் எத்தனை முறை கத்தியிருப்பேன், நிமிர்ந்து பாருங்கோ, நிமிர்ந்து பாருங்கோ என்று.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

அவர் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார். "உனக்கு முன்னம் சம்மந்தம் கேட்ட இடங்களெல்லாம் கை ஏலாது எண்டோடன விட்டிட்டுப் போட்டுதுகள். உங்கட வீட்டில கேக்கேக்க என்ர அக்கா, தம்பிக்கு ஒரு குறையும் இல்லை எண்டிட்டா. கட்டினாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பிறகு பிந்திப்போச்சு."

"பிந்திப்போச்சோ?"

"ஓம். பிறகு சொன்னா நீ என்ன நினைப்பாய்."

எனக்குக் கோபம் வர வேண்டும். நான் எதற்கெல்லாமோ கோபப்படுகிறவள், கோழி முட்டை வேலிக்கு அந்தப் பக்கம் போனதற்கு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தவள். அந்த ஸ்ரூலில் இருந்து கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்கும் சொல்லாமல் பிந்திப்போனது ஒன்று இருக்கிறது. அதை அவருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அவர் கேட்கவில்லை. நான் தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

மோதிரவிரல் தப்பியது. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. சின்னவிரலின் நுனி கறுத்தது, பிறகு காய்ந்தது. முதல் மூட்டோடு எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்றைக்கு நோவுக் குளிசை தர வந்த தாதியிடம் "எனக்கு வேண்டாம் மிஸ், அதில ஒண்டும் தெரியாது" என்று அவர் சொன்னார். முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் அவராகவே வாய் திறந்து சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை குளிசையைத் திருப்பிக் கொண்டு போனாள்.

இப்போது திரும்பவும் மீனுக்குப் போகிறார். இடது கைக்கு ரப்பர் கையுறை போடுகிறார். வெட்டும்போது நான் கதை கொடுப்பதில்லை. வெட்டி முடித்துக் கத்தியைக் கழுவின பிறகுதான் வாயைத் திறப்பேன். அதுவரைக்கும் பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஐஸ் கேட்டு இன்னும் வருகிறார்கள். உப்பு ஐஸை ஒருவருக்கும் தொடக் கொடுப்பதில்லை. கட்டுவதற்கு முதல் இப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறேன். "இதில தொட்டாத் தெரியுதோ?" சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்காகத்தான் கேட்கத் தொடங்கினேன். தெரியும் தெரியும், கெதியாக் கட்டு என்று சொல்வார்கள் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா முழங்காலை இடித்துக்கொண்டு வந்தா. தொட்டேன். "அதில தெரியாது," என்றா. "அதுக்குக் கீழ ஒரு சாண் தெரியாது. நீ மேல வை." தையல் தைக்கிற பிள்ளை ஒருத்தி, அவளுக்குத் தோளில் ஒரு இடம். மாதாவைக் கூப்பிடுகிற மனுசனுக்கு முதுகில் உள்ளங்கை அளவு. அவர் அதைச் சொன்னபோது மட்டும் கத்தவில்லை. இவர்களுக்கெல்லாம் எத்தனையோ தடவை ஐஸ் கட்டியிருக்கிறேன், தற்செயலாக அந்த இடங்களில் படவில்லை. எல்லோரும் உடனே சொல்லிவிடுகிறார்கள், நேரம் என்ன என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி. நான் துணியைத் தள்ளி, தெரிகிற இடமாகப் பார்த்து வைக்கிறேன். அதைப்பற்றி ஒருவரும் மேற்கொண்டு கதைப்பதில்லை.

போன மாதம் வவுனியாவுக்குக் கிளினிக்குக்குப் போனோம். பஸ்ஸில் அவர் வழக்கம்போலத் தன் இடப்பக்கத்தை எனக்கு விட்டு இருந்தார்.

"தள்ளுங்கோ," என்றேன். "நான் மற்றப் பக்கம் இருக்கிறன்."

"மற்றப் பக்கம் வெயிலெல்லோ?"

"இருக்கட்டும். தள்ளுங்கோ."

என்ன விசர் என்று நினைத்திருப்பார். தள்ளி இருந்தார். பஸ் வெளிக்கிட்டது. வயல்கள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்தன. அவர் வெளியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சேலைத் தலைப்புக்குக் கீழால் அவருடைய வலது கையைத் தேடி, சின்னவிரலைப் பிடித்து, நகம் பதியக் கிள்ளினேன்.

"ஆ!" என்று துள்ளித் திரும்பினார். முன் சீற்றில் இருந்தவர்களும் திரும்பினார்கள். "என்ன?"

என்ன என்று அவர் கேட்டால் சொல்வதற்கு எத்தனையோ வருடமாக என்னிடம் எவ்வளவோ கிடந்தது. அவ்வளவையும் தேடினேன்.

"ஒண்டுமில்லை," என்றேன்.

"நோகுது," என்றார் அவர்.

நான் விரலை விடவில்லை. அவரும் இழுக்கவில்லை.